பவளப்பாம்பு அறையில் கெல்லட்டும் நானும்

நான் வேலை பார்த்த ஊர்வனக் காட்சிச்சாலையில் நச்சுப் பாம்புகளுக்கென்று இருந்த அறையை மூடிவிட்டார்கள். இனி அங்கே தவளைகள் இருக்குமாம். பாம்புகளை ஐரோப்பாவில் உள்ள வேறு இடங்களுக்குப் பிரித்து அனுப்பியாயிற்று. இப்போது அங்கே பொறுப்பாக இருக்கும் ஹனா என்ற பெண் தொலைபேசியில் அழைத்தாள். "சூசை, பவளப்பாம்பு கெல்லட்டைக் கடித்த கதையை இங்கே ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். பக்கத்தில் நின்றவர் நீங்கள். எழுதித் தாருங்கள்" என்றாள். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம் வந்தது. வாசித்துப் பார்த்தபோது அதில் சொல்லாமல் விட்டதுதான் அதிகம் என்று பட்டது. அந்த மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

பாம்புகளை விரும்பி நான் இந்த வேலைக்கு வரவில்லை. மன்னாரிலிருந்து ஜெர்மனிக்குப் போய், அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்த காலத்தில், ஊர்வனவற்றை இறக்குமதி செய்யும் ஒரு வியாபாரியின் கிடங்கில் கண்ணாடித் தொட்டி கழுவினேன். கூட இருந்தவர்கள் உணவகங்களில் கோப்பை கழுவினார்கள். எனக்கு வாய்த்தது இது. பாம்பு அவசரப்படாது, நாமும் அவசரப்படக் கூடாது. கழுவிய தொட்டியில் சவர்க்கார வாசம் மிஞ்சக் கூடாது. அந்தக் கிடங்கில் நான் கற்றது இவ்வளவுதான். பின்னர் லண்டனுக்கு வந்தபோது கையில் இருந்த ஒரே தொழில் அனுபவம் அதுதான் என்பதால், காட்சிச்சாலையில் துப்புரவுக்கு ஆள் தேடியபோது போய் நின்றேன். கூட்டித் துடைப்பதில் தொடங்கி, சில ஆண்டுகளில் பராமரிப்பாளர் ஆனேன்.

நான் இருந்தது தெற்கு லண்டனில், கோலியர்ஸ் வுட்டில். சுற்றிவரத் தமிழ்க் குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்த் திருப்பலிக்குத் தவறாமல் போவேன். ஆனால் என் தொழில் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பெண் பார்க்கப் போயிருந்தேன். பெண்ணின் தாயார் தேத்தண்ணி தந்துவிட்டு, எதிரே உட்கார்ந்து மெல்லக் கேட்டார்.

"தம்பி, நீர் அந்தப் பாம்புகளைக் கையாலையோ பிடிக்கிறனீர்?"

"இல்லை அன்ரி. கொக்கியாலைதான்."

"கொக்கியைப் பிடிக்கிற அந்தக் கையாலைதானே வீட்டை வந்து சாப்பிடுவீர்?"

"ஓம்" என்றேன். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளரவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒன்றிரண்டு பேச்சும் வளரவில்லை. திருப்பலி முடிந்து கோவில் வாசலில் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று கதை கேட்பார்கள். தாய்மார் தூரத்தில் நின்று கூப்பிட்டு எடுப்பார்கள். யாரும் என்னை வெறுத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவரும் பக்கத்தில் வரவில்லை, அவ்வளவுதான்.

நச்சுப் பாம்பு அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் கெல்லட். உயரமானவர், சற்றுக் கூனல், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, சத்தம் எழாத ரப்பர் சப்பாத்து. மனைவி பிரிந்து போய்விட்டார் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். மதியத்தில் அவர் சன்னலைப் பார்த்தபடி சான்ட்விச் சாப்பிடுவார். நான் மற்ற மூலையில் என் சோற்றுப் பெட்டியைத் திறப்பேன். காலையில் ஒரு வணக்கம், மாலையில் ஒரு வணக்கம். இடையில் வேலைக்கு வேண்டிய சொல் மட்டும். இப்படியே பல ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தோம். வெள்ளைக்காரர் வழமை இதுவாக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த அறையில் ஒரு நடைமுறை இருந்தது. தனியாக ஒருவர் எந்தத் தொட்டியையும் திறக்கக் கூடாது. மூடியில் கை வைக்குமுன் ஒருவர் கேட்க வேண்டும்: "தலை எங்கே?" மற்றவர் விரலால் சுட்டி, "அங்கே" என்று சொல்ல வேண்டும். இருவர் கண்ணும் தலையைக் கண்ட பிறகுதான் மூடி திறக்கும். தலை தெரியாவிட்டால் காத்திருப்போம். ஒரு முழுக் காலையும் அப்படி நின்றிருக்கிறோம். கெல்லட் முகம் சுளித்ததில்லை. என்னையும் அவசரப்படுத்தியதில்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மிகவும் கடினமான பாம்பு, தென்னமெரிக்கப் பவளப்பாம்பு. படத்தில் பார்த்தவர்களுக்கு அதன் நிறம் தெரிந்திருக்கும். சிவப்பு வளையம், பிறகு கறுப்பு, வெளிர்மஞ்சள், கறுப்பு, வெளிர்மஞ்சள், கறுப்பு, மீண்டும் சிவப்பு. யாரோ மினக்கெட்டுக் கோத்த மணிமாலை போல இருக்கும். நஞ்சில்லாத வேறு பாம்புகளும் இதே உடுப்பைப் போட்டுக்கொண்டு திரிவதால், நிற வரிசையை வைத்து இனம் காண்பது அந்தக் கண்டத்தில் உதவாது. நேராக நின்று கொத்துகிற பழக்கம் அதற்கு இல்லை. பயந்தால் உடலைத் தட்டையாக்கி, சுருளுக்குள் தலையைப் புதைத்துவிட்டு, வாலைச் சுருட்டி மேலே தூக்கி ஆட்டும். பார்க்கிறவருக்கு வால்தான் தலை. முதல்நாள் கெல்லட் என்னிடம் கேட்டபோது நானும் வாலைத்தான் சுட்டினேன்.

"நீ அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் அது விரும்புகிறது" என்றார். அவர் பகிடியாகச் சொன்னதாக எனக்கு நினைவிருக்கும் ஒரே வார்த்தை அது.

காட்டில் அது ஈரமான இலைச் சருகுக்கு அடியில் வாழும். சேற்று நிலத்து விலாங்கு, மண்புழுவைப் போன்ற காலில்லாத உயிர்கள், மற்றப் பாம்புகள் இவைதான் அதன் உணவு. எலியைக் கண்டால் திரும்பியும் பார்க்காது. அதனால் மீன்கடையில் வாங்கிய விலாங்கை நீள நீளமாக நறுக்கி, உறையவைத்து, தேவைக்கு இளக்கி, நீண்ட இடுக்கியால் சருகின் மேல் மெல்ல இழுத்துக் காட்டுவோம். பிடித்தால் விடாது. அதன் பற்கள் சிறியவை. வாயைப் பொத்தி வைத்து மென்று மென்றுதான் நஞ்சை இறக்கும். இரை அசைவதை நிறுத்தும்வரை பிடி தளராது. அந்த நஞ்சு சதையை அழுகவைக்காது. வலிகூடப் பெரிதாக இராது. நரம்பு சொல்வதைத் தசை கேளாமல் செய்துவிடும். முதலில் கண்ணிமை விழும். கடைசியில் மூச்சு நிற்கும்.

2009ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் எங்களிடமிருந்த பெண் பாம்பு முட்டையிட்டது. கூண்டில் வளரும் பவளப்பாம்பு முட்டையிடுவது அரிது. அது பொரிப்பது அதைவிட அரிது. கெல்லட் அன்று காலை வணக்கம் சொல்லவும் மறந்துபோனார். பாசிக்குள் வெள்ளையாக, கச்சான் கடலைக் கோதைவிடச் சற்று நீளமாகச் சில முட்டைகள். அவற்றை எடுத்து அடைகாப்புப் பெட்டியில் வைக்க வேண்டும்.

அதே ஆண்டு எனக்கு வேறொரு காத்திருப்பும் இருந்தது. என் அக்கா தன் குடும்பத்தோடு வன்னியில் இருந்தவர். மே மாதம் போர் முடிந்ததிலிருந்து அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. முகாம்களில் விசாரிக்கும்படி மன்னாரில் ஒரு பாதிரியாரைக் கேட்டிருந்தேன். வேலையிடத்தில் இதை யாரிடமும் சொல்லவில்லை. கோவிலில் சொல்ல முடியவில்லை, அங்கே ஒவ்வொரு வீட்டிலும் இதே கதை இருந்தது.

முறைப்படிதான் எல்லாம் செய்தோம். பாம்பை ஒரு குழாய் வழியாகச் சிறு பெட்டிக்குள் போகவிட்டோம். தலை பெட்டிக்குள் போனதை இருவரும் பார்த்தோம். கெல்லட் பெட்டியின் இழுப்புக் கதவைச் சாத்தி, கொளுக்கியை மாட்டி, பெட்டியை மேசைக்குத் தூக்கினார். அந்தக் கொளுக்கி உள்ளே தேய்ந்திருந்தது என்பது பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தது. வெளியே பார்த்தால் தெரியாது. பவளப்பாம்பின் தலை கழுத்தைவிட அகலமானதல்ல. ஒரு சிறு இடைவெளி போதும் அதற்கு.

கெல்லட் நின்றார். பெட்டியை மேசையில் மெல்ல வைத்தார். அவர் சத்தம் போடவில்லை.

"தலை இங்கே இருக்கிறது, சூசை" என்றார்.

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலிருந்த மென்சதையைப் பாம்பு கவ்விக்கொண்டிருந்தது. அதன் தாடை அசைந்துகொண்டிருந்தது.

நான் சுவரிலிருந்த அபாய மணியை நோக்கித் திரும்பினேன். "முதலில் வாளி" என்றார். அவர் சொன்னது சரி. பாம்பு வெளியே இருக்கும்வரை உதவிக்கு வருபவர் உள்ளே வர முடியாது. மூடியுள்ள வாளியைக் கொண்டுவந்தேன். இடுக்கியின் தட்டையான முனையைத் தாடைக்குள் கொடுத்து நெம்பினேன். அது விட மனமில்லாமல் விட்டது. வாளியை மூடிப் பூட்டிய பிறகு மணியை அழுத்தினேன். கையிலிருந்து தோள்வரை துணிக்கட்டுப் போட்டேன். டாக்டர்களுக்குத் தெரிய, பாம்பின் பெயர் எழுதிய அட்டையைத் தொட்டியிலிருந்து கழற்றி அவர் சட்டையில் குத்தினேன். அம்புலன்ஸ் வந்தது.

"முட்டைகளைப் புரட்டிவிடாதே" என்றார், அதில் ஏறும்போது.

முட்டை இட்ட நிலையிலேயே இருக்க வேண்டும். புரண்டால் உள்ளே கரு இறந்துவிடும். இன்னொரு பராமரிப்பாளரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, புள்ளி மேலே இருக்கும்படியே எடுத்து அடைகாப்புப் பெட்டியின் ஈரத் துகளில் பதித்தேன். அதைச் செய்து முடித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனேன்.

அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வலி இல்லை, ஒன்றுமில்லை, வீட்டுக்கு விட்டால் போதும் என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நஞ்சின் குணம் அதுதான் என்று டாக்டருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பிற்பகலில் நான் முட்டைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவருடைய இடது இமை கீழே இறங்கியது. சற்று நேரத்தில் வலது இமையும். "சூசை, இரண்டு பேராகத் தெரிகிறாய்" என்றார். சொற்கள் தடித்து வந்தன. அதன் பிறகு அவரால் எச்சில் விழுங்க முடியவில்லை. என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். திரும்ப உள்ளே விட்டபோது அவருக்காக ஒரு இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அந்த நஞ்சுக்கான முறிமருந்து இங்கிலாந்தில் இல்லை. ஐரோப்பாவில் வேறொரு காட்சிச்சாலை கொடுத்துதவ, மறுநாள் விமானத்தில் வந்தது. ஆனால் ஏற்கெனவே நரம்பைப் பிடித்துவிட்ட நஞ்சை அது உடனே விடுவிக்காது. உடல் தானாக மீள வேண்டும். அதுவரை இயந்திரம்தான் என்று டாக்டர் சொன்னார்.

அவரைப் பார்க்க யாரும் வரவில்லை. நியூசிலாந்தில் ஒரு தங்கை இருந்தார், தொலைபேசியில் விசாரித்தார். நான் வேலை முடிந்ததும் நேரே அங்கே போய், கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அங்கே ஜெயந்தி என்று ஒரு நேர்ஸ். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஹரோவிலிருந்து வேலைக்கு வருகிறவர். வருகைப் பதிவில் என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார்.

"அண்ணை, இவர் உங்களுக்கு ஆர்?"

"என்ர பெரியவர். வேலையிலை."

"அப்ப ஏன் பேசாமல் இருக்கிறியள்? கதையுங்கோ."

"மயக்கத்திலை இருக்கிறவரோடை என்னத்தைக் கதைக்கிறது?"

"ஆர் சொன்னது மயக்கம் எண்டு? மயக்க மருந்து கொஞ்சம்தான் குடுக்கினம். அவருக்கு எல்லாம் கேக்கும். கண்ணைத் திறக்க ஏலாது, விரலைக்கூட அசைக்க ஏலாது. ஆனா ஆள் உள்ளுக்கை முழிப்பாத்தான் இருக்கிறார். இஞ்சை வாங்கோ, நேர முன்னாலை வந்து நில்லுங்கோ."

நான் குனிந்து நின்றேன். ஜெயந்தி கையுறை போட்ட விரலால் கெல்லட்டின் இமையைத் தூக்கினார். நீல விழி அசையாமல் நேரே பார்த்தது. அது என்னைப் பார்த்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இமையைக் கீழே விட்டார். அது மூடிக்கொண்டது.

பாம்பின் நஞ்சைப் பற்றி நான் படித்திருந்ததெல்லாம் இரைக்கு என்ன ஆகும் என்பதுதான். பிடிபட்ட விலாங்கு அசைவதை நிறுத்தியதும் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அது அப்போதும் எல்லாவற்றையும் அறிந்துகொண்டிருந்திருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

அன்றிலிருந்து பேசத் தொடங்கினேன். முட்டைகளைப் பற்றிச் சொன்னேன். எது பூஞ்சை பிடித்துவிட்டது, எது இன்னும் வெள்ளையாக இருக்கிறது, பெட்டியின் சூடு, ஈரம். தாய்ப் பாம்பு விலாங்கு தின்றதைச் சொன்னேன். மழையைச் சொன்னேன். ரயில் தாமதத்தைச் சொன்னேன். இரண்டு மூன்று மாலைகளில் என்னிடமிருந்த ஆங்கிலம் தீர்ந்துபோயிற்று. வேலைக்கு வேண்டிய ஆங்கிலம்தான் எனக்கு இருந்தது. ஆனால் நிறுத்த மனம் வரவில்லை. நான் நிறுத்தினால் அந்த இமைகளுக்குப் பின்னால் அவர் தனியே இருப்பார்.

அதனால் தமிழில் பேசினேன். முதலில் ஃபாரஸ்ட் கேட் அன்ரியின் கதை. பிறகு ஜெர்மனிக் கிடங்கு. பிறகு, நான் நினைத்திராமலே, அக்கா. எனக்குக் காய்ச்சல் என்றால் அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திட்டுவதை, கடைசியாகத் தொலைபேசியில் "சாப்பிட்டியோ?" என்று கேட்டதை, அந்த அழைப்பு இடையில் அறுந்ததை. செய்தி இல்லாத ஒவ்வொரு மாதமும் என்ன நினைத்தேன் என்பதை. எந்த மனிதருக்கும் நான் சொல்லாததெல்லாம் அந்த நாற்காலியில் இருந்து சொன்னேன். திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் ஜெயந்தி நின்றிருந்தால் கேட்டிருப்பார். ஒருநாளும் அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒரு மாலை கெல்லட்டின் வலதுகைச் சுட்டுவிரல் போர்வையின் மேல் அசைந்தது. அடுத்தடுத்த நாட்களில் கை, கழுத்து, கடைசியாக இமை. குழாயை எடுத்ததும் கரகரத்த குரலில் அவர் கேட்ட முதல் கேள்வி முட்டைகளைப் பற்றியதுதான்.

"ஒன்றுதான் மிச்சம்" என்றேன். தலையை ஆட்டினார்.

அவர் மீண்டும் வேலைக்கு வந்தார். ஆனால் கையில் பிடிமானம் முழுதாகத் திரும்பவில்லை. நச்சுப் பாம்புத் தொட்டிகளைத் திறக்க அவரை அனுமதிக்கவில்லை. அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. அவர் அலுவலக வேலை பார்த்தார். நாங்கள் பழையபடி காலை வணக்கம், மாலை வணக்கம் என்று ஆகிவிட்டோம். மருத்துவமனையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த நாற்காலியில் பேசியதெல்லாம் காற்றோடு போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன். அது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, வெறுமையாகவும் இருந்தது.

குளிர்காலத்தில் அந்த ஒரு முட்டை பொரித்தது. பென்சிலைவிட மெல்லிய குட்டி. தாயின் எல்லா வளையங்களோடும் நஞ்சோடும்தான் அது வந்தது. ஆனால் தின்னவில்லை. விலாங்கை எவ்வளவு மெல்லியதாக நறுக்கிக் காட்டினாலும் சருகுக்குள் போய்விடும். நாளாக ஆக வளையங்களுக்கு இடையே தோல் சுருங்கத் தொடங்கியது. இன்னும் சில நாள் இப்படியே போனால் இறந்துவிடும் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

ஒரு பிற்பகலில் கெல்லட் அறைக்குள் வந்தார். சுவரோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "சருகை நனை. மழை பெய்தது போல நனை. பிறகு காத்திரு" என்றார்.

நனைத்தேன். இன்னொரு பராமரிப்பாளர் தலையைச் சுட்டிக் காட்ட, திறந்து, இடுக்கியால் விலாங்குக் கீற்றை வைத்து அசைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மற்றவர் என்னைப் போலவே தொட்டியைப் பார்த்தபடி நின்றார். என் கண்ணைக் குட்டியிலிருந்து எடுக்க முடியாது. அப்போது பின்னாலிருந்து கெல்லட்டின் குரல் கேட்டது.

"என் மனைவி ஒவ்வொரு இரவும் சாப்பாட்டு மேசையில் ஏதாவது பேசச் சொல்லிக் கேட்பாள். சொல்ல ஒன்றும் இல்லை என்பேன். அங்கே படுத்திருந்தபோது சொல்ல நிறைய இருந்தது."

நான் திரும்பவில்லை. இடுக்கியை அசைத்துக்கொண்டிருந்தேன்.

"இரவா பகலா என்று எனக்குத் தெரியாது. உயிரோடிருக்கிறேனா என்றுகூடச் சில வேளை தெரியாது. உன் குரல் கேட்டால், சரி, வேலை முடிந்துவிட்டது, மாலை ஆகிவிட்டது, இன்னொரு நாள் என்று நினைப்பேன். நீ உன் மொழியில் பேசியது ஒன்றும் விளங்கவில்லை. ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அக்கா. அது என்ன?"

சருகு அசைந்தது. குட்டியின் கறுத்த மூக்கு வெளியே வந்து, கீற்றை மோந்து, ஒருமுறை விலகி, பிறகு பிடித்தது. அது மென்று மென்று கடைசி நுனிவரை விழுங்கியது. மூடியைச் சாத்திய பிறகுதான் என்னால் வாய் திறக்க முடிந்தது.

"என் மூத்த சகோதரி. போரில் காணாமல் போய்விட்டார். தேடுகிறோம்."

கெல்லட் எழுந்து நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவைத்தார். "நல்லது, சூசை. நன்றாகச் செய்தாய்" என்றார். அப்போது குட்டியைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்; மருத்துவமனை நாற்காலி பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சில வாரங்கள் கழித்து, வேலைக்குக் கிளம்பும் முன், மன்னாரிலிருந்து பாதிரியார் அழைத்தார். அக்காவை ஒரு முகாமில் கண்டுபிடித்துவிட்டார்கள். அத்தானும் மூத்த மகனும் இல்லை. அக்காவும் கடைசிப் பிள்ளையும் இருக்கிறார்கள். தொலைபேசியை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றேன். இதைச் சொல்ல எனக்கு ஒருவர் வேண்டியிருந்தது. கோவில் ஆட்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். இன்னும் செய்தி வராமல் காத்திருக்கிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வது?

கெல்லட்டின் வீட்டு எண்ணுக்கு அதற்கு முன் நான் அழைத்ததே இல்லை. இரண்டாவது மணியில் எடுத்தார்.

"அக்கா கிடைத்துவிட்டார்" என்றேன் ஆங்கிலத்தில். அத்தானையும் மகனையும் சொன்னேன்.

மறுமுனையில் நாற்காலி ஒன்றை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"உன் மொழியில் சொல்" என்றார்.

"அக்கா உயிரோடை இருக்கிறா" என்றேன். பிறகு, அவர் கேட்டுக்கொண்டிருந்ததால், மற்றதையும் சொன்னேன்.